டாப்பெட் சத்தம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்!

நம் சங்கக் கூட்டம் முடிந்ததும் வாசலில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். மேடையில் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு மறந்துவிடும். எந்த வண்டி எப்படிச் சத்தம் போட்டது என்பது மறக்காது. ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்ததால் வந்த வியாதி இது. மருந்து கிடையாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

சென்ற கூட்டத்தன்று இளைஞர் ஒருவர் பெருமையோடு என்னிடம் வந்தார். "சார், போன வாரம் வரைக்கும் என் வண்டி டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருந்தது. மெக்கானிக் டாப்பெட்டை நல்லா டைட் பண்ணிக் கொடுத்தான். இப்போ பூனை மாதிரி நடக்குது, கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். உண்மையில் சத்தமே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "தம்பி, நாளைக் காலையில் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

அப்பா காத்திருந்த நடைமேடை

1998-ஆம் வருடம். கரக்பூரில் இருந்தேன். என்னிடம் ஒரு ஹீரோ ஹோண்டா சி.டி.100 இருந்தது. அதிலும் இதே டிக் டிக் சத்தம். கடைத்தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பத்தே நிமிடத்தில் சத்தத்தை ஒழித்துக் கொடுத்தார். கேட்ட காசுக்கு மேலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஊரிலிருந்து அப்பா வந்தார். அவருக்கு வயது 74. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. விடியற்காலை ரயிலில் வருகிறவரை அழைத்துவர வண்டியை எடுத்தேன். வீட்டில் கிளம்பியது. பாதி தூரம் போய் இஞ்ஜின் சூடானதும் இழுவை குறைந்தது; பிறகு நின்றேவிட்டது. உதைத்துப் பார்த்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை, காற்றை மிதிப்பது போல இருந்தது. அந்த நேரத்தில் ரிக்‌ஷாவும் கிடைக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். உலகிலேயே நீளமானது என்று அப்போது பெயர் பெற்றிருந்த அந்த நடைமேடையின் ஒரு கோடியில், பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்கத் தெரியாமல் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ரயில் இஞ்ஜினுக்கே வைத்தியம் பார்க்கிறவன் வண்டி இப்படியா நிற்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. காரணம், நாங்கள் ஷெட்டில் பார்த்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் இஞ்ஜினுக்கு 16 சிலிண்டர். சிலிண்டருக்கு நான்கு வால்வு வீதம் மொத்தம் 64 வால்வுகள். அத்தனைக்கும் 0.034 அங்குலம், அதாவது சுமார் 0.86 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்த பிறகே இஞ்ஜினை வெளியே விடுவோம். காதால் கேட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்கிற ஃபிட்டருக்கு என்னிடம் வசவு விழும். அப்படிப்பட்ட நான், சொந்த வண்டியின் இரண்டே இரண்டு வால்வுகளைக் காதை நம்பி விட்டுவிட்டேன். ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எலி கடித்த அப்பளம் போலக் கருகி இருந்தது.

இடைவெளி எதற்கு?

நான்கு ஸ்ட்ரோக் இஞ்ஜினில் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒரு வால்வு, எரிந்த புகை வெளியே போக ஒரு வால்வு. ராக்கர் என்ற சிறு நெம்புகோல் வால்வின் தண்டைத் தட்டித் திறக்கிறது. ஸ்பிரிங் அதை மூடுகிறது. ராக்கரின் முனையில் இருக்கும் சிறு திருகைத்தான் வழக்கில் டாப்பெட் என்கிறோம். இஞ்ஜின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 3,000 தடவை, அதாவது நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது.

சூடானால் இரும்பு நீளும் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். வால்வின் தண்டும் நீளும். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே இஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது திருகுக்கும் தண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுகிறோம். என் சி.டி.100-க்குக் கையேட்டில் சொன்னது இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. டீசல் இஞ்ஜினுக்கு விட்டதில் பதினேழில் ஒரு பங்குதான். ஆனால் அந்த மெல்லிய இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் நீண்ட வால்வு முழுவதும் மூட முடியாமல் சற்றே திறந்தபடி நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும் பகுதியை மூடியிருக்கும் நேரத்தில்தான் தன் இருக்கைக்குக் கடத்துகிறது. சரியாக உட்காராத வால்வு சூட்டை இறக்க வழியில்லாமல் தவிக்கும். இடுக்கு வழியே நெருப்பும் பாயும். கடைசியில் விளிம்பு கருகிவிடும்.

இடைவெளி அதிகமானால் டிக் டிக் சத்தம் வரும். இழுவை கொஞ்சம் குறையும், ராக்கரும் கேமும் சீக்கிரம் தேயும். நல்லதல்ல என்றாலும், அந்தக் கோளாறு வாய் திறந்து சொல்லிவிடுகிறது. இடைவெளி குறைந்தால் ஒரு சத்தமும் கிடையாது. அதுதான் ஆபத்து. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ராக்கரும் கேமும் தேய்ந்தால் இடைவெளி கூடும். வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்தால் வால்வு மேலேறி இடைவெளி குறையும். ஆகவே யாரும் கை வைக்காமலே ஒரு வண்டியின் சத்தம் நாளடைவில் அடங்கிப்போனால், அது குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

முதலில், உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். பழைய யெஸ்டி, ஆர்.எக்ஸ்.100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்த வால்வுகளே கிடையாது. சென்னை திருவொற்றியூரில் பிறந்த பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்குக் கேஜே வேண்டாம். புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பின்னால் வந்த யு.சி.இ. புல்லட்டில் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் நாம் திருக ஒன்றுமில்லை. ஷிம் வைத்துச் சரிசெய்யும் விலையுயர்ந்த வண்டிகளைச் சர்வீஸ் நிலையத்திடம் விட்டுவிடுங்கள். நம் குடும்பங்களில் மிகுதியாக ஓடும் 100 சி.சி. வண்டிகளைப் பற்றியே கீழே சொல்கிறேன். அளவு மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, வெயில் படும் முன் காலையில் பார்ப்பதே உத்தமம். வட இந்திய மே மாதத்தில் பத்து மணிக்கே இஞ்ஜின் தொட முடியாதபடி காய்ந்துவிடும்.

டாப்பெட் மூடிகளைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுத் திறங்கள். கீழ்ப்பக்க மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் ஆயில் வடியும், ஒரு தட்டு வையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் இஞ்ஜினைச் சுற்றுவது சுலபம். இடது பக்க மூடியிலுள்ள இரண்டு திருகு மூடிகளைக் கழற்றி, இஞ்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, சக்கரத்தில் பொறித்துள்ள ‘டி’ என்ற ஆங்கில எழுத்துக் குறியை அடையாளத்துக்கு நேராக நிறுத்துங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் குறி இரண்டு தடவை வரும். ஒரு தடவை இரண்டு வால்வும் மூடியிருக்கும், மறு தடவை அப்படி இருக்காது. இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அப்போதும் அதே வால்வு ஆடவில்லை என்றால், அதற்கு இடைவெளியே இல்லை என்று பொருள்.

இனி ஃபீலர் கேஜ். 0.05 தகடு லேசான பிடிப்போடு நுழைந்து வர வேண்டும். புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை இழுப்பது போல இருக்கும். அதைவிடத் தடித்த 0.08 தகடு நுழையக் கூடாது. சரியில்லை என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். சரியானதும் திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கட்டாயம் இன்னொரு தடவை அளக்க வேண்டும். நட்டை இறுக்கும்போதே அளவு மாறிவிடும். பாதிப் பேர் தவறு செய்யும் இடம் இதுதான்.

ஆயில் கசிகிறதா?

வேலை முடிந்து மூடும்போது இன்னொரு சங்கதி. அந்த மூடிகளில் கறுப்பு ரப்பர் வளையம், ஓ ரிங், இருக்கும். சூட்டில் நாளாக ஆக அது தட்டையாகி, கெட்டியாகி, வளைத்தால் வெடிக்கும். பிறகு ஆயில் கசியும். அதைப் பார்த்து, "இஞ்ஜினைத் திறக்கணும்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்படிச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கசியும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, முகப் பவுடரைத் தூவி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்றில் பின்னால் போகும். ஆகவே மேலேயும் முன்னாலேயும் தேடுங்கள்.

ஓ ரிங் ஒரு சில்லறைச் சாமான். மூடியைத் திறக்கும்போதே புதிதாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பள்ளத்தைத் துணியால் துடைத்து, வளையத்தில் இரண்டு சொட்டு இஞ்ஜின் ஆயில் தடவி, முறுக்கில்லாமல் உட்கார வைத்து, மூடியைக் கையாலேயே முதலில் திருகுங்கள். கடைசியில் மட்டும் ஸ்பானர். கசிகிறதே என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். ஐந்து ரூபாய் வேலை ஐயாயிரம் ரூபாய் வேலையாகும்.

சில வண்டிகளில் வளையத்துக்குப் பதில் பெரிய கவரும் ரப்பர் கேஸ்கெட்டும் இருக்கும். அதன் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கையேடு சொல்லாத இடத்தில் சிலிக்கான் பசையைக் கொழுக்கட்டை மாவு போல அப்பாதீர்கள். உள்ளே பிதுங்குவது பிய்ந்து விழுந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும். ஆயில் கிடைக்காத இஞ்ஜினுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். புது வளையம் போட்டும் திரும்பத் திரும்பக் கசிந்தால் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலை வெளியே தள்ளும்.

பூனை வண்டியின் கதி

மறுநாள் காலை அந்த இளைஞர் சொன்ன சொல் தவறாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் என் பெட்டியிலுள்ள மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. அவரையே உட்காரவைத்துச் செய்யச் சொன்னேன். முதலில் கை நடுங்கியது. நட்டை இறுக்கி மறுபடி அளந்தபோது அளவு மாறியிருந்தது; மூன்றாம் தடவையில் சரியாக நின்றது. இரண்டு ஓ ரிங்குகளையும் மாற்றினோம். கிளப்பினார். லேசாக டிக் டிக் கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். "அது இருக்கட்டும்" என்றேன். வால்வு பிழைத்துக்கொண்டது, இன்றுவரை வண்டி நன்றாக ஓடுகிறது.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. சத்தம் கேட்கக் கூடாது என்று நாம் கேட்கிறோம். அவர்கள் கேட்டதைச் செய்து கொடுக்கிறார்கள். இனிமேல், "சத்தம் போகட்டும்" என்று சொல்லாதீர்கள். "கேஜ் வைத்து அளவு போடு" என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். சூடான இஞ்ஜினைத் திறக்க வந்தால், "ஆறட்டும், நாளைக் காலை வருகிறேன்" என்று திரும்பிவிடுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ஃபீலர் கேஜ் ஒன்று வாங்க ஒரு சினிமா டிக்கெட் செலவுகூட ஆகாது. அதுவரை என்னுடையது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன், வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டு வருகிற எவருக்கும் இரவல் தருவேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். திருகை அவர்களே திருகட்டும்.