பன்னீர் திராட்சையின் மெல்லிய தோல்

மும்பை மான்குர்த்திலிருந்து கடற்கழியைத் தாண்டினால் வாஷி மொத்தச் சந்தை. மார்ச் மாதத்தில் அங்கே நாசிக் திராட்சையின் ராஜ்ஜியம். விதையில்லை, கெட்டியான பழம். தேனி மாவட்டத்துக்காரர் யாராவது வாயில் போட்டால் ‘வாசனை எங்கே?’ என்றுதான் கேட்பார்.

அவர் தேடுவது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை. கருநீல நிறம், உள்ளே விதை, ரோஜா மணம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ஐரோப்பியப் பெயர். கலிபோர்னியாவில் இதுவே ‘பிளாக் மஸ்கட்’. அங்கே இனிப்பான சிவப்பு ஒயினாகிறது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள்.

நாசிக்கில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பந்தல்களில் ஆண்டு முழுவதும் குலை தொங்கும். சிக்கல் அந்த மெல்லிய தோலில்தான். மழை பிடித்தால் பழம் வெடிக்கும்; நெடும்பயணம் தாங்காது. விலை சரிந்த நாளில் இருப்பு வைக்க வழியில்லை, வியாபாரி சொல்வதே விலை.

இதற்கு மாற்று என்ன? மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்றே கொள்கை வகுத்து ஒயின் ஆலைகளுக்குக் கலால் சலுகை தந்தது. நாசிக்கில் ஷிராஸ், கேபர்னே சாவிக்னான் என ஒயின் ரகங்கள் பரவின. கம்பத்திலும் தனியார் ஒயின் ஆலை வந்தது. ஆனால் அரசு ஆலை வேண்டும் என்ற விவசாயிகளின் பழைய கோரிக்கை அப்படியே நிற்கிறது. (மதுக்கடையை 2003 முதல் அரசே நடத்தும் மாநிலத்தில் இந்தத் தயக்கம் வேடிக்கைதான்.)

2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழம் மட்டும் இன்னும் பெரும்பாலும் பெட்டிகளில் அடுக்கப்பட்டு கேரளத்துக்கும் தமிழக ஊர்களுக்கும்தான் லாரி ஏறுகிறது.