காற்பந்துக் கிளப்பின் கணக்கை யார் பார்ப்பது?



விளையாட்டைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் உடல்நலம், ஒற்றுமை, கட்டொழுங்கு என்ற மூன்று கருத்துகளோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். தொழில்முறை விளையாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கு. அது சரியில்லை என்றால் கோப்பை வென்ற குழுகூட காணாமல் போகும். இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒரு குழு

மிஃபா எனும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து வளர்ந்த குழு ஒன்று கீழ்நிலை லீக்கில் தொடங்கிப் பிரிமியர் லீக்கிற்கு ஏறியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடியது. நம் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு கனவுக் கதவு. 2022 பருவம் முடிந்ததும் அந்தக் கிளப் லீக்கிலிருந்து விலகியது. உரிமையாளர் தரப்பு முடிவெடுத்தது, அவ்வளவுதான். அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பு வேறு யாருக்கும் இல்லை.

அதே சமயத்தில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் 2023 பருவத்திற்கான உரிமம் மறுக்கப்பட்டது. சூப்பர் லீக் 14 குழுக்களோடு நடந்தது. 2025-இல் ஸ்ரீ பகாங், பேராக் இரண்டும் விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. நம் தலைநகர்க் குழுவான கோலாலம்பூர் சிட்டி 2021-இல் மலேசியக் கிண்ணம் வென்றது, 2022-இல் ஏ.எஃப்.சி. கிண்ண இறுதியாட்டம்வரை போனது. அந்தக் குழுவுக்கே 2024–25 பருவத்தில் சம்பளப் பாக்கிக்காகப் புள்ளிகள் கழிக்கப்பட்டன.

பள்ளம் எப்படி விழுகிறது?

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 50,000 வெள்ளி, ஆட்களுக்குச் சம்பளம் 70,000 வெள்ளி. எத்தனை மாதம் தாங்கும்? தீபாவளிக்கு வியாபாரம் நல்லா போகும், அப்போ சரிக்கட்டிடலாம் என்று முதலாளி கடன் வாங்குவார். தீபாவளி கைவிட்டால் கடை மூடவேண்டியதுதான்.

காற்பந்திலும் இதே கதைதான். நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரதாரர், ஜெர்சி விற்பனை ஆகியவை வருமானம். ஆட்டக்காரர் சம்பளம்தான் பெரிய செலவு. அடுத்த வருசம் கோப்பை அடிச்சிடலாம் என்ற நம்பிக்கையில் வருமானத்தை மீறி ஆள் எடுக்கிறார்கள். பக்கத்துக் குழு அப்படிச் செய்தால் நாமும் செய்தாகணும் என்ற நெருக்கடி வேறு. முன்பு மாநிலச் சங்கங்களே குழுக்களை நடத்தின. மாநில அரசின் ஆதரவு பெரும் துணையாக இருந்தது. 2021 பருவத்திற்குள் குழுக்கள் தனியார் நிறுவனங்களாக மாறவேண்டும் என்று விதி வந்தது. பெயர்ப்பலகை மாறியது, ஆனால் பல இடங்களில் வருமானம் மாறவில்லை.

உரிமம் இருக்கிறதே, போதாதா?

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி ஒவ்வொரு கிளப்பும் ஐந்து துறைகளில் தகுதி காட்டவேண்டும்: விளையாட்டு, வசதிகள், நிர்வாகம், சட்டம், நிதி. இங்கே அதைப் பார்ப்பது எஃப்.ஐ.பி. எனும் முதல்நிலைக் குழு. உரிமம் மறுப்பதும் புள்ளி கழிப்பதும் அதன் ஆயுதங்கள்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, தண்டனை வரும்போது பாக்கி ஏற்கெனவே ஏறியிருக்கும். புள்ளி கழித்தால் அடி வாங்குவது யார்? சம்பளம் கிடைக்காத அதே ஆட்டக்காரர்தான். இரண்டு, உரிமம் மறுத்தால் லீக்கில் குழுக்கள் குறையும், ஆட்டங்கள் குறையும், விளம்பரதாரரும் யோசிப்பார். லீக் நல்லா நடக்கணும் என்று விரும்புகிற காற்பந்துக் குடும்பத்திற்குள்ளேயே நீதிபதியும் இருந்தால், இந்த ஒரு வருசம் பார்த்துக்கொள்வோம் என்ற எண்ணம் வருவது இயல்பு. எஸ்.பி.எம். விடைத்தாளை அவரவர் பள்ளி ஆசிரியரே திருத்துவதில்லை. ஆசிரியர்மீது சந்தேகம் அதற்குக் காரணமில்லை. முடிவை எல்லாரும் நம்பணும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

இங்கிலாந்து என்ன செய்தது?

1885-இல் தொடங்கிய பெரி கிளப் 2018-இல் ஒரு பவுண்டுக்குக் கைமாறி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஆறு பெரிய ஆங்கிலக் கிளப்கள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனி லீக்கிற்குப் போகப் பார்த்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். அதன்பின் நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் காற்பந்து ஆளுமைச் சட்டம் நிறைவேறி, சுயேச்சையான ஒழுங்குமுறை ஆணையம் பிறந்தது. முதல் ஐந்து நிலைகளிலுள்ள கிளப்கள் அதனிடம் உரிமம் பெறவேண்டும். வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அது கேட்கும். அரங்கத்தை விற்பதற்கு அனுமதி வேண்டும். முக்கிய முடிவுகளில் ரசிகர்களைக் கலந்துபேசவேண்டும்.

ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூயேஃபா தன் போட்டிகளில் ஆடும் கிளப்களுக்கு வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறது. ஆட்டக்காரர் சம்பளம், மாற்றுக் கட்டணம், முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நம் துணிக்கடைக் கணக்கில் அது 35,000 வெள்ளி.

எதிர்க்கருத்தையும் எழுதுங்கள்

விவாதக் கட்டுரை என்றால் மறுபக்கமும் வேண்டும். அரசாங்கம் காற்பந்தில் கைவைத்தால் ஃபிஃபா சும்மா இருக்காது. வெளியார் தலையீட்டுக்காக 2022 ஆகஸ்டில் இந்தியாவையும் 2023 ஜனவரியில் இலங்கையையும் அது இடைநீக்கம் செய்தது. ஆகவே இங்கு அப்படி ஓர் ஆணையம் வந்தால் அமைச்சரின் கைக்கும் கிளப்களின் கைக்கும் எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும். கணக்கை மட்டும் பார்க்கவேண்டும், யார் ஆடுவது என்று சொல்லக்கூடாது. செலவுக்கு வரம்பு வைத்தால் சிறிய குழு பெரிய குழுவை எட்டவே முடியாது என்ற வாதமும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கு. அதனால்தான் வரம்போடு வருமானப் பங்கீட்டையும் சேர்த்துப் பேசவேண்டும்.

வகுப்பில் பயன்படுத்த

சொற்கள்: நிதி நிலைத்தன்மை, சுயேச்சை ஒழுங்குமுறை, உரிமம், பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை.

கலந்துரையாட:
1. ஒரு கிளப் யாருக்குச் சொந்தம்: பணம் போட்டவருக்கா, ரசிகர்களுக்கா?
2. சம்பளப் பாக்கிக்குப் புள்ளி கழிப்பது சரியான தண்டனையா? வேறு என்ன செய்யலாம்?
3. மாதந்தோறும் ஆட்டக்காரரின் சம்பளமும் சேமநிதிப் பணமும் கட்டப்பட்டதற்குச் சான்று கேட்டால் என்ன மாறும்?

மூன்றாவது கேள்வியில் மாணவர்களைக் கொஞ்சம் நிற்க வையுங்கள். ஆட்டக்காரரும் ஒரு தொழிலாளிதான். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு உண்டு. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை பார்க்கும் கணக்கு அவரைக் காப்பாற்றாது. மாதாமாதம், கிளப்புக்கு வேண்டியவரல்லாத ஒருவர் பார்க்கும் கணக்குதான் காப்பாற்றும். கட்டுரையின் மையக் கருத்தாக இதை வைத்துக்கொண்டால், மேலே சொன்ன எடுத்துக்காட்டுகள் எல்லாம் அதன்கீழ் வந்து அமர்ந்துவிடும்.