காட்டுக்கேற்ற துப்பாக்கி

ஜொகூர் பாருவில் கடலை நோக்கி நிற்கும் இஸ்தானா பெசார் அரண்மனையின் அரும்பொருட்சாலையில், யானையின் பாதத்தைக் குடைந்து செய்த குடைத்தாங்கி முதலிய வேட்டைச் சின்னங்களைக் கண்டோர், 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் எத்தகைய வேட்டைப் பிரியர் என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொண்டிருப்பர். அந்த அலங்காரங்களின் ரசனையைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அக்காலத்து வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த முறையில் இருந்த விவேகத்தை மறுப்பதற்கில்லை.

நீலகிரியின் புல்வெளிச் சரிவில் வரையாட்டைக் குறிவைத்தவனுக்குத் தூரம் எட்டும் இலேசான, வேகமான குண்டு வேண்டியிருந்தது. பிரம்பும் முட்பனையும் பின்னிக் கிடக்கும் ஜொகூர்க் காட்டிலோ இருபது தப்படிக்கு அப்பால் கண் செல்லாது. செலாடாங் என்னும் காட்டெருது அந்த இருபது தப்படியிலிருந்து எழுந்து பாய்ந்தால், இரண்டாவது தோட்டாவை ஏற்ற அவகாசமும் கிடையாது. ஆகவேதான் இரண்டு குழலும் இரண்டு விசையும் கொண்ட கனத்த ரைபிள் அங்கே மதிப்புப் பெற்றது; ஒரு பக்கத்து யந்திரம் பழுதானாலும் மறுபக்கம் கைகொடுக்கும்.

இத்தேர்வில் அரசியலும் புகுந்தது. கலகக்காரர்களின் பழைய மார்ட்டினி துப்பாக்கிகளுக்குக் குண்டு கிடைக்கக்கூடாது என்று கருதிய பிரிட்டிஷ் சர்க்கார், 1907-இல் .450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவிலும் சூடானிலும் இறங்குவதைத் தடுத்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் உடனே அளவைச் சற்று மாற்றி .470, .465 என்று புதியவற்றைச் சமைத்துவிட்டார்கள். வேட்டைக்காரர் வட்டாரத்தில் பெரும்புகழ் பெற்ற .470, அரசாங்க உத்தரவு ஒன்றின் பிள்ளை!

இரட்டைக்குழலைச் சீர்செய்வது நுட்பமான கைவேலை. இரு குழலும் ஒரே புள்ளியில் சுடும்படி, அவற்றை இணைக்கும் பற்றாசைச் சூடேற்றி இளக்கி, நடுவிலுள்ள ஆப்பை மயிரிழை நகர்த்தி, சுட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்துவார்கள். குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கே இந்தப் பொருத்தம். தோட்டாவை மாற்றினால் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போகும். வெப்பநாட்டில் கார்டைட் மருந்தின் அழுத்தம் கூடுவதால், மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களும் தனியே வந்தன. காட்டிருளில் தெரிவதற்காக முன்குறியில் தந்த மணி பதிப்பார்கள். தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி கட்டையின் நீளத்தைக் குறைப்பார்கள் அல்லது கூட்டுவார்கள். அதன் முனையில் உதைப்பைத் தாங்க வைக்கும் ரப்பர் திண்டு, ஒருவேளை நம்மவர் ஜொகூர்த் தோட்டத்திலே சீவிய பாலாகவும் இருந்திருக்கலாம். சுட்ட அன்றே குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால், அந்நாளைய தோட்டாவின் கேப்பு விட்டுச் செல்லும் உப்பு, அந்த ஈரக்காற்றில் எஃகை அரித்துவிடும்.

இத்தனை கனத்த ரைபிளுக்குப் பதில் ரிவால்வர் போதுமே என்ற மயக்கம் வேண்டாம். மலாயாவில் 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் தோட்டத் துரைமார் இடுப்பில் அதைச் செருகித் திரிந்தது தற்காப்புக்கே. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 15 சென்டிமீட்டரே உள்ள ரிவால்வரில், குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 20 மீட்டரில் குண்டு 13 சென்டிமீட்டருக்கு மேல் விலகும்; குறிகளுக்கிடையே அதைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள ரைபிளில் அதே பிசகு சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். மணிக்கட்டு நடுங்கும் மனிதனுக்கு இந்தக் கணக்கு போதும்.

இன்றைய மலேசியாவில் தோட்டத்து வேட்டை என்றால், செம்பனைக் கன்றைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிக்கு எதிராக எடுக்கப்படும் 12 போர் ரவைத் துப்பாக்கியே பெரும்பாலும். குழலின் உள்வாய்க்குச் சரியான ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை. பெயருக்குக் காரணம் அதுவே. இங்கும் தேர்வின் விதி மாறவில்லை: எடுத்துத் தோளில் வைத்தவுடன் கண் தானாகக் குறியில் அமராத துப்பாக்கி, எத்தனை விலையுயர்ந்ததாயினும் உங்களுடையதன்று.

ஆனால் பழைய நாளைப்போல் வாங்கவும் திருத்தவும் இன்று இயலாது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். குழலையோ விசையையோ வீட்டிலே கைவைத்துத் திருத்தப் புகுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும்.