விக்டோரியா காலப் பொம்மை வீடும் அதன் நுண்தையல் வேலைகளும்

விக்டோரியா காலப் பொம்மை வீடு என்பது இங்கிலாந்தில் விக்டோரியா அரசி ஆண்ட காலத்து (1837–1901) வசதியான இல்லம் ஒன்றை மரத்தில் சிறிதாகச் செய்து, அதற்கேற்ற மேசை நாற்காலி, பாத்திரம், துணிமணிகளால் நிரப்பிய மாதிரி வீடு ஆகும். முன்சுவர் கதவைப் போலத் திறக்கும். உள்ளே வரவேற்பறை, படுக்கையறை, குழந்தைகள் அறை, அடுப்பங்கரை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

பொம்மை வீடு முதலில் விளையாட்டுப் பொருள் அன்று. பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557–58இல் செய்வித்த வீடு செல்வத்தைக் காட்டும் காட்சிப்பொருளாகவே இருந்தது. அது குழந்தைகள் கைக்குப் பரவலாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். இன்றோ பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது.

அளவு

பெரும்பாலும் 1:12 என்ற விகிதம் பின்பற்றப்படுகிறது. அதாவது உண்மையான ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். ஏழடிக் கதவு ஏழு அங்குலம். ஒன்றரை அடி உயர நாற்காலி இருக்கை ஒன்றரை அங்குலம். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிவுற்ற, விண்ட்சர் கோட்டையிலுள்ள மேரி அரசியின் பொம்மை வீடும் இதே விகிதத்தில் அமைந்ததே. ஒரு பொருள் சற்றுப் பெரிதாகிவிட்டாலும் அறை முழுவதும் பொய்யாகத் தெரியும். எனவே அழகான பொருள் கிடைத்தாலும் அளந்து பார்த்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

தையல் வேலை

விக்டோரியா காலத்து அறையில் துணி போர்த்தாத இடமே குறைவு. கணப்படுப்பின் மேல்தட்டுக்கும் மேசைக்கும் விரிப்பு இருந்தது. நாற்காலியின் முதுகுக்குக்கூட ஒரு துணி உண்டு. ஆண்கள் தலையில் தடவிய மக்காசர் எண்ணெய் மெத்தையில் கறைபடாமல் தடுக்கவே அது போடப்பட்டது. மெல்லிய நூலால் குரோஷா பின்னி இதைச் செய்யலாம்.

கம்பளம்தான் பொறுமையைச் சோதிக்கும். 9 அடிக்கு 6 அடிக் கம்பளம் இங்கே 9 அங்குலத்துக்கு 6 அங்குலம். அங்குலத்துக்கு 18 கண்கள் உள்ள கேன்வாஸில் தைத்தால் 17,496 தையல்கள் வேண்டும். 40 கண்கள் உள்ள பட்டு வலைத்துணியில் அதுவே 86,400 ஆகிவிடும். புதிதாகத் தொடங்குபவர் 18 கண் துணியில் சிறு கால்மிதி ஒன்றை முடித்துப் பார்ப்பது நல்லது. குறுக்குத் தையல் தடிப்பாக நிற்கும் என்பதால் அரைக் குறுக்குத் தையலே பொருத்தமானது. ஆறு இழை எம்பிராய்டரி நூலில், மிக நுண்ணிய துணிக்கு ஓர் இழையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

அக்காலச் சிறுமிகள் எழுத்துகளையும் எண்களையும் துணியில் தைத்துப் பழகினர். அந்தப் பயிற்சித் துணி சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. இதைச் சிறிதாக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. 40 கண் துணியில் ஐந்து தையல் உயரமுள்ள ஓர் எழுத்தை உண்மை அளவுக்கு மாற்றினால் ஒன்றரை அங்குலம் வரும். இது மிகப் பெரிது. ஆகவே எழுத்தை எழுத்தாகத் தைக்காமல், எழுத்துபோலத் தோன்றும் புள்ளிகளை வரிசையாக இடுவதே வழி. கண் அதை எழுத்தாகவே வாசித்துக்கொள்ளும்.

திரைச்சீலையில் வேறு தொல்லை. துணியைச் சிறிதாக வெட்டலாம். அதன் விறைப்பைச் சிறிதாக்க முடியாது. வெல்வெட் திரை கீழே விழாமல் பாவாடைபோல விரிந்து நிற்கும். மெல்லிய பட்டையோ பருத்தியையோ எடுத்து, மடிப்புகளைக் குண்டூசியால் அட்டையில் குத்தி, கஞ்சி தெளித்துக் காயவிட வேண்டும்.

நிறமும் பிற பொருள்களும்

அக்கால வீடு என்றாலே மங்கிய பழுப்பு என்று பலர் நினைக்கின்றனர், இது தவறு. 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தபின் பளிச்சென்ற நிறங்கள் பெருகின. நாம் இன்று அருங்காட்சியகங்களில் காணும் துணிகள் பல, வெளிச்சத்தில் வெளுத்தவை. எனவே 1840ஆம் ஆண்டு அறைக்கு அந்த ஊதா பொருந்தாது; 1860க்கு மேற்பட்ட அறைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மணிகளைக் கோத்து மெழுகுவர்த்தித் தண்டு, தீப்பெட்டியில் இழுப்பறை, களிமண்ணில் ரொட்டி என மற்றவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம். குதிரைக் கொட்டையில் குண்டூசிகளைக் காலாகக் குத்தி, முதுகுக்குரிய ஊசிகளில் கம்பளி நூல் சுற்றி நாற்காலி செய்வது இங்கிலாந்துக் குழந்தைகளின் பழைய விளையாட்டு. புதுச் சரிகைப் பின்னல் மிக வெண்மையாக இருந்தால், ஆறிய தேயிலை நீரில் சில நிமிடம் முக்கி நிழலில் உலர்த்தினால் பழைய தோற்றம் வரும். முடிந்த வீட்டை நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மணிகளும் ஊசிகளும் சின்னஞ்சிறு குழந்தைகள் வாயில் போடக்கூடியவை. அவர்கள் கைக்கு எட்டாத உயரம் நல்லது.