கண் சிவப்பு மறைந்தால் போதுமா?

2022 நவம்பரில் தமிழகம் முழுக்க மெட்ராஸ் ஐ பரவியபோது, நாளொன்றுக்கு 4,000 முதல் 4,500 பேர் வரை பாதிக்கப்படுவதாகச் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். பாதிப்பு கூடுதலாக இருந்த மாவட்டங்களாகச் சேலமும் தருமபுரியும் அப்போது செய்திகளில் அடிபட்டன. கண் சிவந்தால் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், பக்கத்து மெடிக்கலில் ‘கண்ணு செவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். அப்படிக் கைக்கு வரும் சின்னக் குப்பியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பது வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டைக் கலந்த கூட்டு மருந்துகள் நம் சந்தையில் நிறைய உண்டு. விட்ட ஓரிரு நாளில் கண் வெளுத்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் அடுத்த முறை கண் உறுத்தும்போது காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு போய் ‘இதே மருந்து’ என்று கேட்கிறோம். மருந்து பலிக்காததால் இங்கே யாருக்கும் பார்வை போவதில்லை. பலித்ததை நம்பி, கண்ணை யாரிடமும் காட்டாமல் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருப்பதால்தான் போகிறது.

ஸ்டீராய்டு எந்தக் கிருமியையும் கொல்லாது. கிருமியையோ தூசியையோ எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சியை அது அடக்குகிறது. சிவப்பு, வீக்கம், கூச்சம் எல்லாம் அந்த அழற்சியின் அடையாளங்கள் என்பதால் அவை மறைந்துவிடுகின்றன; காரணம் உள்ளேயே இருக்கிறது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது, ஓரிரு வாரத்தில் தானாக அடங்குவது. அதற்கு ஸ்டீராய்டு விட்டால் கண் தெளிந்ததுபோல் இருக்கும், வைரஸோ கூடுதல் நாள் தங்கும். அதே சிவப்பு ஹெர்பிஸ் வைரஸால் வந்திருந்தால் கருவிழியில் கிளைகிளையாக ஓடும் சிறு புண் பரந்து நிரந்தரத் தழும்பாகிவிடக்கூடும். தருமபுரி போன்ற விவசாய மாவட்டத்தில் நான் அதிகம் அஞ்சுவது பூஞ்சையை. கரும்புத் தோகை கண்ணில் அறைந்தாலோ, ராகி அடிக்கும்போது சுணை விழுந்தாலோ, தக்காளிக்கு நட்ட குச்சி குத்தினாலோ பூஞ்சை கருவிழிக்குள் நுழைந்துவிடக்கூடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 சதவீதத்தினருக்குக் கண்ணில் ஏற்கெனவே அடிபட்டிருந்தது; கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சை. கடையில் தரும் கூட்டு மருந்தில் உள்ள ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. கூடவே இருக்கும் ஸ்டீராய்டு உடலின் காவலையும் விலக்கிவிடும். ‘ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருக்கிறதே, பயமில்லை’ என்ற சமாதானம் இந்த இடத்தில் நிற்காது.

கிருமியே இல்லாத கண்ணுக்கும் கேடு உண்டு. அது ஓசையில்லாமல் வரும். கண்ணுக்குள் ஓயாமல் சுரக்கும் நீர் கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்துளைத் திசு வழியாக வடிகிறது. ஸ்டீராய்டு தொடர்ந்து பட்டால் அந்தத் திசுவில் புரதங்கள் படிந்து, வண்டல் ஏறிய மடைபோல் வடிகால் அடைபடுகிறது. சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் அளவில் இருக்க வேண்டிய கண் அழுத்தம் ஏறுகிறது. 1960களில் அமெரிக்காவில் ஆர்மலி, பெக்கர் என்ற மருத்துவர்கள் தனித்தனியே இதைச் சோதித்தார்கள். 4 முதல் 6 வாரம் ஸ்டீராய்டு சொட்டு விட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவும், நூற்றில் ஐந்து பேருக்கு மிகக் கடுமையாகவும் உயர்ந்தது. யார் அந்த ஐந்து பேர் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். அழுத்தம் ஏறும்போது பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். ஆகவே நோயாளி தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழகக் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில், கண் அழுத்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை அறியாமலேயே இருந்தார்கள். பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. வெயிலும் புழுதியும் கூடும் மாதங்களில் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள சிறுவர்களுக்குக் கண் அரித்து, நூல் நூலாகப் பீளை தள்ளும் ஒவ்வாமை வரும். ஆண்டுதோறும் திரும்பும் நோய் என்பதால் அதே குப்பியும் ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் நாளில் ஸ்டீராய்டால் கண்புரையோ, ஏறிய அழுத்தத்தால் பார்வை நரம்புச் சேதமோ ஏற்பட்டிருக்கக்கூடும். புரையை அறுவை செய்து அகற்றலாம். கெட்ட பார்வை நரம்பை மீட்க வழியில்லை.

‘அப்படியானால் மருத்துவர்களே இதை எழுதித் தருகிறார்களே?’ என்ற கேள்வி நியாயமானது. எழுதித்தான் ஆக வேண்டும். கண்ணின் உள் அழற்சிக்கும் புரை அறுவைக்குப் பிந்தைய நாட்களுக்கும் இதற்கு ஈடான மருந்து அரிது. அவர்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தருகிறார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. பாக்டீரியாவால் வந்த கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு உதவுமா என்று அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்க ஆய்வாளர்களும் 500 நோயாளிகளிடம் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். புண்ணைச் சுரண்டி எடுத்துப் பாக்டீரியாதான் என்று உறுதிசெய்து, பூஞ்சை உள்ளவர்களை விலக்கி, 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகே ஸ்டீராய்டு விட்டார்கள். அவ்வளவுக்குப் பிறகும் மூன்று மாத முடிவில் மொத்தத்தில் பார்வையில் வேறுபாடு தெரியவில்லை. மிக மோசமான புண்களில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. இவ்வளவு முன்னேற்பாட்டோடு தரும் மருந்தை, கண்ணைப் பார்க்காமலே கடையில் எடுத்துத் தருவதை எப்படி ஏற்பது? மறுபுறம், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து புரை அறுவைக்குப் பிறகு மருந்தை நடுவில் நிறுத்துவதும் தவறு. முதல் வாரம் இத்தனை முறை, அடுத்த வாரம் ஒன்று குறைவு என்று படிப்படியாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பக்கூடும். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். விட்டபின் மூக்கோரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். அடியில் படியும் வகை மருந்து என்றால் குலுக்கிவிட்டு விட வேண்டும். திறந்து ஒரு மாதமானால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒருவர் குப்பியை இன்னொருவர் தொடவே கூடாது.

பென்னாகரத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி கண் காட்ட வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. மெடிக்கல்தான் அவருக்கு மருத்துவமனை என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதே ஏழ்மைதான் பார்வை போனால் திரும்பி எழ முடியாத நிலையையும் தருகிறது. கடைக்காரர் ஸ்டீராய்டு இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டைத் தந்து, கண்ணில் அடிபட்டிருந்தாலோ வலி, பார்வை மங்கல் இருந்தாலோ அன்றே பென்னாகரம், அரூர் அரசு மருத்துவமனைகளுக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகச் சொன்னால் பெரிய ஆபத்து நீங்கும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஸ்டீராய்டு சொட்டுகள் ‘ஷெட்யூல் எச்’ மருந்துகள், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. அந்த எச்சரிக்கை குப்பியில் இருக்கவே செய்கிறது. விரல் நீள லேபிளில், கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில். ‘ஸ்டீராய்டு உள்ளது’ என்று தமிழில் ஒரு வரி பெரிதாக அச்சிடுவது எந்த நிறுவனத்துக்கும் சுமையாகாது. எத்தனை நாள் விட வேண்டும், கண் அழுத்தம் எப்போது அளக்க வேண்டும் என்ற இரண்டையும் மருத்துவர் சீட்டிலேயே எழுத வேண்டும். அதுவரை உள்ளடக்கப் பெயர்களில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா என்று கடைக்காரரிடமே கேட்டுவிடலாம். ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி ஒரு மருந்தை விட்டுவருகிறவர்கள், குப்பியையும் எடுத்துக்கொண்டு போய்க் கண் அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். சில நிமிட வேலை, வலிக்காது. அழுத்தம் ஏறியிருந்தாலும், காலத்தோடு கண்டுபிடித்து மருத்துவர் சொல்படி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இறங்கிவிடும்.