தோளில் கட்டிய எந்திரமும் பொதுவான வானமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியை நம்மில் பலர் பள்ளி நாட்களிலேயே அறிந்திருப்போம். ஒருவர் ஏறிச் செல்லும் ஊர்தி அது. விசையைத் திருகினால் எழும்பும். மாற்றித் திருகினால் இறங்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அரசி மயங்கிவிட, பொறி போய் இறங்கிய இடம் சுடுகாடு. திருத்தக்கதேவர் காட்டும் அந்த வானத்தில் வேறு ஊர்தி எதுவும் இல்லை. ஆகவே யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்ற கேள்வியும் அங்கே எழவில்லை. இன்று தோளில் எந்திரத்தைக் கட்டிக்கொண்டு மேலே எழும்புகின்றவனுக்கோ அதுவே முதற்கேள்வி.

இந்த எந்திரத்தை ஜெட்பேக் என்கின்றனர். 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்காவில் ஹரால்டு கிரகாம் என்பவர், பெல் நிறுவனப் பொறியாளர் வெண்டல் மூர் வடிவமைத்த ராக்கெட் பட்டையை அணிந்து 13 விநாடிகளில் 112 அடி தூரம் பறந்தார். அதில் நெருப்பே கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வெள்ளி வலையில் பட்டுச் சிதைந்து, நீராவியும் ஆக்சிஜனுமாகக் கீழ்நோக்கிப் பீறிடும். ஆள் மேலே செல்வான். நம் வேதியியல் ஆய்வகத்துப் புட்டியில் இருக்கும் அதே பொருள்தான். செறிவு மட்டும் மிக அதிகம். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகமே இதைக் கண்டு வியந்தது. ஆனால் பறக்க முடிந்த நேரம் சுமார் 20 விநாடிகளே! பின்னர் சிறிய டர்பைன் எந்திரங்கள் வந்தன. 2017இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிரௌனிங் கைகளிலும் முதுகிலும் டர்பைன்களைப் பொருத்திய உடையை வெளியிட்டார். 2019 ஆகஸ்டு 4ஆம் நாள் பிரான்சின் பிராங்கி சபாட்டா, காலடியில் எந்திரம் பொருத்திய பலகை மீது நின்றபடி, இடையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயை 22 நிமிடங்களில் கடந்தார்.

நம் நாடும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. 2023 சனவரியில் நமது இராணுவம் 48 ஜெட்பேக் உடைகள் வாங்க அறிவிப்புச் செய்தது. அதே ஆண்டு ஆக்ராவில் பிரௌனிங்கின் குழுவினர் இராணுவத்தார் முன்னிலையில் பறந்து காட்டினர். இராணுவம் கேட்டிருந்த பறக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 8 நிமிடங்கள். எட்டு நிமிடம் ஏன் இத்தனை அரிதாக இருக்கின்றது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள், எந்திரம், எரிபொருள் யாவும் சேர்ந்து 120 கிலோ என்று கொள்வோம். இதனை அந்தரத்தில் நிறுத்த ஏறத்தாழ 1176 நியூட்டன் உந்துவிசை வேண்டும். உந்துவிசை என்பது ஒரு விநாடியில் கீழே தள்ளப்படும் வாயுவின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கிவரும் தொகை. நிறையைக் கூட்டி வேகத்தைக் குறைக்கலாம்; வேகத்தைக் கூட்டி நிறையைக் குறைக்கவும் செய்யலாம். விசை ஒன்றுதான், ஆனால் செலவு ஒன்றன்று. ஏனெனில் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஹெலிகாப்டரைப் போல் அகன்ற விசிறியால் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளினால், கொள்கையளவில் 12 கிலோவாட் போதும். குறுகிய குழாயில் விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் பீய்ச்சினால் 294 கிலோவாட் வேண்டும். அதாவது சுமார் 400 குதிரைத்திறன். எங்கள் தளவானூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் எண்பதை ஒருவன் முதுகில் சுமப்பதற்குச் சமம்! சுமக்கக் கூடிய எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துபோவதில் வியப்பென்ன?

எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? எந்திரம் நின்றுபோன விமானம் சறுக்கி இறங்கும். ஹெலிகாப்டரின் விசிறியைக் கீழிருந்து வரும் காற்றே சுழற்றும். ஜெட்பேக்கிற்கு இறக்கையும் இல்லை, விசிறியும் இல்லை. 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றவன் இரண்டரை விநாடியில், மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவான். அந்த உயரத்தில் பாராசூட் விரிவதற்கு நேரமில்லை. ஆகையால்தான் இவர்கள் பெரும்பாலும் நீருக்கு மேலும், தரையை ஒட்டியும் பறக்கின்றனர்.

இனி வானத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டு மாத இறுதியில், லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானத்தின் விமானி, 3000 அடி உயரத்தில் ஜெட்பேக் அணிந்த ஓர் ஆளைக் கண்டதாக வானொலியில் தெரிவித்தார். அக்டோபரில் வேறொரு விமானி 6000 அடியில் கண்டதாகச் சொன்னார். துப்பறியும் துறையே இறங்கி விசாரித்தது. கடைசியில், மனித வடிவிலான பெரிய பலூன்களாக இருக்கலாம் என்ற முடிவுக்கே வந்தனர். சிரிப்பதற்கு இதில் இடமில்லை. பயிற்சி பெற்ற விமானியாலேயே பலூனையும் மனிதனையும் பிரித்தறிய முடியவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆள், முழுநிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரமே தெரிவான். இறங்கும் விமானம் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அத்தொலைவைக் கடக்க 15 விநாடிதான் ஆகும். அதற்குள் கண்டு, புரிந்துகொண்டு, விலக வேண்டும்.

வானத்தைப் பகிர்ந்துகொள்ளத் தவறினால் என்ன நேரும் என்பதை இந்தியா 1996 நவம்பர் 12 அன்று கண்டது. தில்லியை அடுத்த சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேரும் மாண்டனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்றைய தில்லி ராடார் உயரத்தைக் காட்டக்கூடியதாக இல்லை. வரவுக்கும் செலவுக்கும் ஒரே வான்பாதை. அதன் பிறகே பாதைகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயிற்று. ஆனால் அக்கருவி, எதிரே வருவதும் டிரான்ஸ்பாண்டர் என்னும் பதிலளிக்கும் கருவியைச் சுமந்தால்தான் எச்சரிக்கும். அதை வைத்திராத ஜெட்பேக் மனிதன் அதன் கணக்கில் இல்லாதவன்.

சட்டம் என்ன சொல்கின்றது? நம் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம், பட்டத்தையும் பலூனையும் கூட விமானம் என்ற சொல்லுக்குள் அடக்கியிருந்தது. (நம் ஊர்ச் சிறுவர்கள் எல்லாம் அவ்வகையில் விமானிகளே!) அதன் இடத்தில் 2025 சனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆளில்லா டிரோன்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் தனியே உண்டு. பச்சை மண்டலத்தில் அவை முன் அனுமதியின்றி 400 அடி வரை பறக்கலாம். ஆள் தொங்கும் ஜெட்பேக்கிற்கு அவ்விதிகள் பொருந்தா. அமெரிக்காவிலோ 115 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றையாள் ஊர்திக்கு உரிமம் வேண்டாம். பகலில் மட்டும், மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு மேலே செல்லாமல் பறக்க வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது நிபந்தனை நல்லதாகவே தோன்றுகின்றது. ஆனால் வயலில் தனியாக நாற்று நடும் பெண்ணின் தலை எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்கத் தோன்றுகின்றது. மருந்து தெளிக்கும் டிரோன்கள் வயல்களுக்கு வந்துவிட்டன. அவையும் ஜெட்பேக்கும் நாடுவது அதே தாழ்வான வானத்தைத்தான். மேலே செல்லும் பெரிய விமானங்களைக் கட்டுப்பாட்டு நிலையம் பார்த்துக்கொள்ளும். வரப்புக்கு மேலே உள்ள முதல் நூறடியைப் பார்க்க ஆளில்லை.

பயனே இல்லையா எனலாம். உண்டு. 2020இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்ட மலைகளில் ஒரு மருத்துவ மீட்புக் குழு சோதனை நடத்தியது. நடந்தால் 25 நிமிடம் ஆகும் இடத்தை ஜெட்பேக் 90 விநாடியில் எட்டியது. நம் செஞ்சியின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சியில் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தால் முதலுதவி அவரை இப்படி விரைவில் எட்டக்கூடும். ஆனால் அந்த எந்திரம் ஓர் ஆளைத்தான் தூக்கும். மருந்துப் பையோடு மேலே போனவர் நோயாளியின் பக்கத்தில் காத்திருக்க வேண்டியதுதான். அவரைக் கீழே கொண்டுவரும் தூக்குப்படுக்கை படிவழியாகத்தான் ஏறி வர வேண்டும்.