தாம் கற்றுக்கொடுத்த அறுவை தம்மையே காத்தபோது



'இருதயம்' என்ற சொல் வராத ஞாயிறு நமக்குக் கிடையாது. பாட்டிலும் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் அது வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மார்புக்குள் துடிக்கிற இருதயத்தையும், அதிலிருந்து இரத்தத்தைச் சுமந்து புறப்படும் பெருந்தமனியையும் பற்றி நம் வீடுகளில் எப்போதாவது பேசுகிறோமா? நெஞ்சு வலித்தால் "கேஸா இருக்கும், ஓமத் தண்ணி குடி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம். இந்த அறுவைச் சிகிச்சையின் வரலாற்றில் பெரும்பகுதி நம் டெக்சஸிலேயே நடந்தது.

தையல்காரியின் மகன்

மைக்கேல் டிபேக்கி 1908இல் லூசியானாவில் பிறந்தவர். லெபனானிலிருந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம். தாயார் தையலில் தேர்ந்தவர். அவரிடம் சிறுவயதில் கற்ற தையல் பிற்காலத்தில் மகனுக்குக் கைகொடுத்தது.

பெருந்தமனியின் சுவர் பலவீனமாகிப் பலூன்போல் வீங்கினால் அன்று மருத்துவர்களால் அதிகம் செய்ய முடியவில்லை. 1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் வயிற்றுத் தமனி வீக்கத்தைச் செலோபேன் தாளால் சுற்றிவைத்தார்கள். 1955 ஏப்ரலில் அது வெடித்தது. இன்னொரு அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் அவர் இறந்தார்.

அதே காலத்தில் ஹூஸ்டனில் டிபேக்கி, கெட்டுப்போன தமனிக்குப் பதிலாகத் துணிக் குழாய் வைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நைலான் வாங்கக் கடைக்குப் போனார். அது தீர்ந்துபோயிருந்ததால் கடைக்காரர் புதிதாக வந்த டேக்ரான் துணியைக் கொடுத்தார். அதை வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்துப் பரிசோதித்தார் டிபேக்கி. இன்றும் உலகமெங்கும் அந்தவகைத் துணிக் குழாய்கள் மனித உடலுக்குள் இரத்தத்தைச் சுமக்கின்றன.

நம் ஊரும் பின்தங்கிவிடவில்லை. ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைகள் அங்கே நடந்தன. சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த டாக்டர் கே.எம். செரியனும் வேலூரில் பணியாற்றியவர்தான்.

மேசைமேல் என்ன நடக்கிறது?

பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் இரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து சுவரை உரித்துக்கொண்டே போகும். திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோன்ற வலி வரும். இருதயத்தை ஒட்டிய பகுதியில் இது நேர்ந்தால், தொடக்கத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மரண அபாயம் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு.

அறுவையின்போது இருதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியால் இரத்தத்தை ஓடவிடுவார்கள். தமனியின் வளைவைத் தொட வேண்டியிருந்தால் உடலை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, சிறிது நேரம் இரத்த ஓட்டத்தையே நிறுத்துவதும் உண்டு. குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. அந்தச் சில நிமிடங்களுக்குள் தையலை முடிக்க வேண்டும். 1983இல் ஜெர்மனியின் ஹான்ஸ் போர்ஸ்ட் அறிமுகப்படுத்திய முறைக்கு 'யானைத் தும்பிக்கை' என்றே பெயர்: அடுத்த அறுவையில் பிடித்துத் தைக்க வசதியாகக் குழாயின் ஒரு முனையைத் தமனிக்குள் தொங்கவிடுவார்கள்.

ஆபத்துகளும் பெரியவை. பக்கவாதம், இரத்தக் கசிவு, சிறுநீரகம் செயலிழத்தல், தொற்று. கீழிறங்கும் தமனியில் அறுவை செய்தால் தண்டுவடத்துக்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கவும் கூடும். தொடை வழியாகக் குழாயைச் செலுத்தும் புதிய முறை சிலருக்கு இந்த அபாயங்களைக் குறைத்திருக்கிறது. எல்லாருக்கும் அது பொருந்தாது.

2005 டிசம்பர் 31

அன்று டிபேக்கிக்கு 97 வயது. வீட்டில் தனியாக இருந்தபோது நெஞ்சிலும் முதுகிலும் கடும் வலி. பெருந்தமனி கிழிந்திருக்கிறது என்று தாமே கண்டுகொண்டார். இதை வகைப்படுத்தியவரே அவர்தானே! ஆனாலும் அறுவை வேண்டாம் என்றார். உடலோ மனமோ முடங்கிய நிலையில் பிழைத்திருக்க அவர் விரும்பவில்லை. ஜனவரி தொடக்கத்தில் 5.2 சென்டிமீட்டராக இருந்த வீக்கம் பிப்ரவரி 9இல் 7.5 ஆனது. அவர் நினைவிழந்தார்.

இப்போது யார் முடிவு செய்வது? அவர் முன்பு ஒப்புக்கொண்ட குறிப்புகளைக் காட்டி, மயக்க மருந்து கொடுக்க அங்கிருந்தவர்கள் மறுத்தார்கள். மெதடிஸ்ட் மருத்துவமனையின் அறநெறிக் குழு இரவில் கூடியது. மனைவி கத்ரின் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வந்து, இனியும் தாமதிக்கக் கூடாது என்று வற்புறுத்தினார். டிபேக்கியிடம் பயின்று அவரோடு பல்லாண்டு உழைத்த ஜார்ஜ் நூன் ஏழு மணி நேரம் அறுவை செய்தார். பிறகு செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ், பல மாத மருத்துவமனை வாசம். செப்டம்பரில்தான் டிபேக்கி முழுமையாக வீடு திரும்பினார். மருத்துவர்கள் செய்தது சரியே என்று பின்னர் நன்றியோடு சொன்னார்.

அந்தக் கூடுதல் நாட்களில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தம் ஆய்வகத்தில் உருவான செயற்கை இருதயத்தை 1969இல் டென்டன் கூலி தம்மிடம் கேட்காமல் பொருத்திவிட்டார் என்று டிபேக்கி கொதித்திருந்தார். ஒரே ஊரில், ஏறக்குறைய 40 ஆண்டு விரோதம். 2007இல், 99 வயது டிபேக்கியும் 87 வயது கூலியும் கைகுலுக்கி ஒப்புரவானார்கள். 2008 ஜூலையில் டிபேக்கி காலமானார்.

அறுவை நல்லபடி முடிந்ததால் எல்லாம் சரியாகத் தோன்றுகிறது. முடிந்திராவிட்டால்? தம் விருப்பம் மீறப்பட்ட ஒரு முதியவரின் கதையாக அது மாறியிருக்கும். அந்த இரவின் பாரம் முழுவதும் குடும்பத்தின்மேல் விழுந்தது. நம் வீட்டிலும் ஒருநாள் விழலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. இரத்த அழுத்தம்தான் பெருந்தமனியின் பெரிய சத்துரு. அப்பா அம்மா மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். புகைப்பதும் கேடுதான்.

2. திடீரென்று வரும் கடுமையான நெஞ்சு, முதுகு வலியை வாயு என்று தள்ளாதீர்கள். 911ஐ அழையுங்கள். பிளானோவிலேயே 2007 முதல் இருதயத்துக்கென்று தனி மருத்துவமனை இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி, செலவுக்குப் பயந்து வலியை மறைக்கக்கூடும். நீங்களே கவனியுங்கள்.

3. குடும்பத்தில் யாருக்காவது தமனி வீக்கமோ இளவயதில் திடீர் மரணமோ உண்டா என்று விசாரியுங்கள். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986இல் 31 வயதில் தமனி கிழிந்து இறந்தார். காரணம், மார்ஃபான் என்னும் பரம்பரைக் குறைபாடு. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு.

4. பேசுங்கள், எழுதிவையுங்கள். உங்களுக்காக முடிவெடுப்பவரை நியமிக்கும் மருத்துவ அதிகாரப் பத்திரத்தை டெக்சஸில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடலாம். இது பெரியவர்களுக்கு மட்டும் அல்ல. 18 வயதானபின் உங்கள் மருத்துவ விவரங்களை அறிய உங்கள் பெற்றோருக்குத் தானாக உரிமை இல்லை. கல்லூரிக்குக் கிளம்பும் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோடு அந்தப் பத்திரமும் இருக்கட்டும்.

மரணத்தைப் பற்றிப் பேசுவது அவிசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். நித்திய நம்பிக்கையை அறிக்கையிடுகிற நாம் ஏன் அதற்கு அஞ்ச வேண்டும்? இந்த வாரம் ஒரு நாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவோம். கூடவே, யாரிடமாவது பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தால், அவருக்கும் ஒரு போன் செய்துவிடுவோம்.